வீட்டில் செபமாலை: ஒரு பத்தில் தொடங்குங்கள்

குடும்பமாகச் சேர்ந்து செபமாலை சொல்ல வேண்டும் என்ற தீர்மானம், சிங்கப்பூரில் எனக்குத் தெரிந்த தமிழ்க் கத்தோலிக்க வீடுகள் பலவற்றில் அக்டோபர் முதல் தேதியன்று பிறந்து, மாதம் பாதியைத் தாண்டுவதற்குள் சத்தமில்லாமல் மறைந்துவிடுகிறது. எங்கள் வீட்டிலும் அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள் அப்படித்தான் நடந்தது. பக்தி போதவில்லை என்று அப்போது எங்களை நாங்களே நொந்துகொண்டோம். இப்போது திரும்பிப் பார்க்கையில், தொடங்கிய அளவில்தான் தவறு இருந்தது என்று தெரிகிறது. இயேசு, மரியா வாழ்வின் நிகழ்வுகளான ஐந்து மறையுண்மைகள், மாதாவைப் பல பெயர்களால் அழைத்து வேண்டும் மாதா பிரார்த்தனை, மன்றாட்டுகள், முடிவில் ஒரு பாட்டு என்று சிறு வயதில் பாட்டி வீட்டில் கேட்ட முழு வடிவத்தையும், வேலையும் துணைப்பாட வகுப்பும் முடிந்து எட்டு மணிக்குத்தான் ஒன்றுசேர்கிற குடும்பத்தின் தலையில் முதல் நாளே ஏற்றிவைத்தோம். நான்காம் ஆண்டு ஒரே ஒரு பத்தில், அதாவது பத்துச் சிறு மணிகள் கொண்ட ஒரு பகுதியில் தொடங்கினோம், அது நிலைத்தது. அந்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். செபமாலையே புதிது என்பவர்களுக்கும், வளர்ந்த பின் திருமுழுக்குப் பெற்றவர்களுக்கும் உதவும்படி அடிப்படையிலிருந்து தொடங்குகிறேன்.

மாலையைக் கையில் எடுத்தால்

வழக்கமான செபமாலையில் 59 மணிகள் உண்டு. சிலுவையைப் பிடித்துக்கொண்டு, சிலுவை அடையாளம் வரைந்து, விசுவாசப் பிரமாணம் சொல்ல வேண்டும். சிலுவைக்கு அடுத்த பெரிய மணியில் கர்த்தர் கற்பித்த செபம். அதையடுத்த மூன்று சிறு மணிகளில், விசுவாசம், நம்பிக்கை, அன்பு ஆகிய வரங்களைக் கேட்டு, ‘அருள் நிறைந்த மரியே வாழ்க’ என்று தொடங்கும் மங்கள வார்த்தை செபம் மூன்று முறை. பிறகு ‘பிதாவுக்கும் சுதனுக்கும்’ என்று தொடங்கும் திரித்துவப் புகழ். இதன்பின் வட்டமான பகுதிக்குள் நுழைகிறோம். ஒவ்வொரு பத்தின் தொடக்கத்திலும் அன்றைய மறையுண்மை ஒன்றை அறிவித்து, பெரிய மணியில் கர்த்தர் கற்பித்த செபமும், பத்துச் சிறு மணிகளில் மங்கள வார்த்தை செபமும், முடிவில் திரித்துவப் புகழும், ‘ஓ என் இயேசுவே’ என்று தொடங்கும் பாத்திமா செபமும் சொல்கிறோம். ஐந்து பத்துகளும் முடிந்தபின் ‘கிருபை தயாபத்து’ மந்திரம் சொல்லி நிறைவு செய்யலாம்.

தொடக்கத்தின் மூன்றும், ஐந்து பத்துகளின் 50ம் சேர்ந்து 53 மங்கள வார்த்தைகள் ஆவதால்தான் நம் பெரியவர்கள் இதை 53 மணிச் செபமாலை என்கிறார்கள். இதை முதன்முதலாகக் கேட்டபோது என் மகள், ‘ஐம்பத்து மூன்று மணி நேரமா?’ என்று கண்களை அகல விரித்தாள். 2002க்கு முன்பிருந்த பதினைந்து மறையுண்மைகளையும் ஒரே மூச்சில் சொல்வதற்கு 153 மணிச் செபமாலை என்று பெயர். புதிதாகத் தொடங்குபவர்கள் அந்தப் பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம்.

மாலை வாங்கும்போது, வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால், கம்பியில் கோத்த கண்ணாடி மணிகளைத் தவிர்த்து, கயிற்றில் முடிச்சிட்ட மர மணிகளையோ பிளாஸ்டிக் மணிகளையோ வாங்குங்கள். எங்கள் முதல் கண்ணாடி மாலையின் மணிகளில் சில இன்னும் சோஃபாவுக்கு அடியில்தான் இருக்கின்றன. வாங்கியதை ஞாயிறு திருப்பலிக்குப் பிறகு அருட்தந்தையிடம் கொடுத்து மந்திரித்து வாங்கிக்கொள்ளலாம்.

முதல் இரண்டு வாரங்கள்

இரண்டு வாரங்களுக்கு, நாள்தோறும் ஒரே ஒரு பத்து. விசுவாசப் பிரமாணமும் முதல் மூன்று மணிகளும்கூட இப்போது வேண்டாம். சிலுவை அடையாளம், மறையுண்மையின் பெயர், கர்த்தர் கற்பித்த செபம், பத்து மங்கள வார்த்தைகள், திரித்துவப் புகழ், மீண்டும் சிலுவை அடையாளம். நிதானமாகச் சொன்னாலும் மூன்று அல்லது நான்கு நிமிடங்களுக்கு மேல் ஆகாது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ எல்லாருக்கும் உற்சாகம் பிறந்து, ‘இன்னொரு பத்து சொல்லலாமே’ என்று பெரியவர் ஒருவர் சொல்வார். அன்று கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். நான்கு நிமிடம் என்று சொன்னால் நான்கே நிமிடத்தில் முடியும் என்ற நம்பிக்கை பிள்ளைகளுக்கு வர வேண்டும். அது வந்துவிட்டால் அவர்களை அழைத்து உட்காரவைக்கும் போராட்டம் பாதியாகிவிடும்.

இந்த இரண்டு வாரங்களிலும் மகிழ்ச்சி நிறை மறையுண்மைகளையே இரவுக்கு ஒன்றாக வரிசைப்படி எடுத்துக்கொள்ளலாம். கபிரியேல் தூதர் மரியாவுக்கு மங்கள வார்த்தை சொன்னது, மரியா எலிசபெத்தைச் சந்தித்தது, இயேசுவின் பிறப்பு, கோவிலில் காணிக்கையாக ஒப்புக்கொடுத்தது, பன்னிரண்டு வயதில் கோவிலில் கண்டடைந்தது என ஐந்து இரவுகளில் ஒரு சுற்று முடியும். ஒவ்வொரு கிழமைக்கும் குறிக்கப்பட்டுள்ள மறையுண்மையைச் சொல்லாமல் விடுவது தவறாகுமோ என்று சிலர் தயங்குவார்கள். கிழமைப் பகிர்வு நல்ல வழக்கம்தான். ஆனால் அது முறையான சுதந்திரத்தைக் கட்டுப்படுத்துவதற்காக அல்ல என்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 2002இல் வெளியிட்ட செபமாலை பற்றிய திருமடலிலேயே குறிப்பிட்டிருக்கிறார்.

எந்த நேரத்தில்

புதுக் குடும்பங்கள் மிகுதியாக இடறுவது நேரத்தில்தான். ‘இரவு ஒன்பது மணிக்கு’ என்று கடிகாரத்தை வைத்து முடிவு செய்தால், ஒருவர் மேலதிக வேலையில் இருப்பார், ஒருவர் குளித்துக்கொண்டிருப்பார், ஒன்பது மணி போயே போய்விடும். நாள்தோறும் தவறாமல் நடக்கிற ஒரு காரியத்தின் வாலில் செபமாலையைக் கட்டிவிடுவதே மேல். இரவுச் சாப்பாடு முடிந்து தட்டுகளைக் கழுவப் போகும் முன் என்று சில வீடுகளில் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் எழுந்து அறைக்குள் போய்விட்டால் திரும்ப அழைத்து வருவது கடினம் என்பதால் அது நல்ல ஏற்பாடு. எங்கள் வீட்டில் கைப்பேசிகளை இரவில் மின்னூட்டம் செய்யும் இடம் கூடத்து மூலையில், மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே ஓர் எவர்சில்வர் கிண்ணத்தில் செபமாலைகளைப் போட்டு வைத்திருக்கிறோம். கைப்பேசியைச் செருகுகிற கை மாலையை எடுக்கிறது. வேறு எந்த அறிவுரையையும்விட இந்தக் கிண்ணம் எங்களுக்கு அதிகமாக உதவியது.

படுக்கப் போகும் நேரத்தை மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். இரண்டாவது மறையுண்மைக்குள் சிறியவர்கள் உறங்கிவிடுவார்கள், பெரியவர்கள் எரிச்சலடைவார்கள். மெழுகுவர்த்தி பற்றியும் ஒரு வார்த்தை: மின்விசிறி சுழன்றுகொண்டே இருக்கிற நம் அடுக்குமாடி வீட்டுக் கூடங்களில் சுடர் நிற்காது, மின்விசிறியை நிறுத்தினால் பிள்ளைகள் நிற்க மாட்டார்கள். பேட்டரியில் எரியும் சிறு விளக்கு போதும்.

முறை வேலையில் இருப்பவர்கள் உள்ள வீட்டில் எல்லாரும் கூடும் நாளுக்காகக் காத்திருந்தால் வாரத்தில் இரண்டு நாள்தான் கிடைக்கும். இருப்பவர்கள் சொல்லட்டும். இரவுப் பணிக்குப் போகும் தந்தையோ தாயோ, அன்றைய பத்தை எம்ஆர்டி ரயிலில் மனத்துக்குள் சொல்லிக்கொள்ளலாம். பத்து முனைகள் கொண்ட செபமாலை மோதிரம் இதற்கென்றே இருக்கிறது; தேசிய சேவையில் இருக்கும் மகனின் பையிலும் அது இடத்தை அடைக்காது. லூர்து நகரில் 1858ஆம் ஆண்டு பிப்ரவரி 11 அன்று பெர்னதெத்துக்குக் காட்சி கொடுத்த அன்னை, அந்தச் சிறுமி மங்கள வார்த்தை சொன்னபோது தம் உதடுகளை அசைக்காமல் மணிகளை மட்டும் விரல்களில் நகர்த்திக்கொண்டிருந்தார் என்று பெர்னதெத்தே சொல்லியிருக்கிறார். அந்த அன்னையின் பெயரில் தமிழ்க் கத்தோலிக்கருக்கென எழுப்பப்பட்டதுதான் 1888இல் கட்டி முடிக்கப்பட்ட நம் ஓஃபிர் ரோடு லூர்து மாதா ஆலயம். தமிழில் செபமாலை சொல்லப்படும் தொனியை ஒருமுறையாவது நேரில் கேட்க விரும்புகிறவர்கள், அங்கே தமிழ்த் திருப்பலிக்குக் கொஞ்சம் முன்னதாகவே போய் அமர்ந்து பார்க்கலாம்.

எந்த மொழியில்

நம் வீடுகளுக்கே உரிய சிக்கல் இது. என் மாமியார் ‘பிரிய தத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க’ என்று தொடங்குவார். நானும் என் கணவரும் ‘அருள் நிறைந்த மரியே வாழ்க’ என்று வளர்ந்தவர்கள். பிள்ளைகளுக்குப் பள்ளியிலும் மறைக்கல்வி வகுப்பிலும் ஆங்கிலம். ஒரே கூடத்தில் மூன்று மங்கள வார்த்தைகள் ஒன்றோடொன்று மோதின. அத்தை ‘அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே’ என்று பதில் சொல்லி முடிப்பதற்குள் நாங்கள் ‘தூய மரியே, இறைவனின் தாயே’ என்று தொடங்கி ஆமென் வரை போய்விடுவோம். யார் திருத்திக்கொள்வது என்பதில் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசாமல்கூட இருந்தோம்.

இறுதியில் கண்ட வழி எளிது. மங்கள வார்த்தை செபம் இரண்டு பாதிகளாக நிற்பதால், முன்சொல்பவர் தமக்குத் தெரிந்த மொழியிலும் வடிவத்திலும் முதல் பாதியைச் சொல்லலாம். பதில் சொல்பவர்கள் ஒரு பத்து முழுவதும் ஒரே வடிவத்தைப் பின்பற்றினால் போதும். அத்தை பழைய வடிவத்தில் முன்சொல்கிறார். நாங்கள் புதிய வடிவத்தில் பதில் தருகிறோம். பிள்ளைகள் ஆங்கிலத்தில் முன்சொன்னாலும் பதில் தமிழில்தான். ஆறு மாதத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பதில் மனப்பாடமாகிவிட்டது. முதல் பாதியைத் தமிழில் சொல்லும்படி நாங்கள் இன்றுவரை கட்டாயப்படுத்தவில்லை. தமிழ்ப் பாடத் தேர்வுபோல் ஆகிவிட்டால் செபமாலையும் கசந்துவிடும் என்பது என் கருத்து. வாசிக்கத் தடுமாறுபவர்களுக்காகச் செபங்களைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, பிளாஸ்டிக் உறையிட்டு, அதே கிண்ணத்தின் அருகில் வையுங்கள்.

வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மங்கள வார்த்தையின் இரு பாதிகளையும் இணைக்கும் கீல்போல நடுவில் இயேசுவின் பெயர் நிற்கிறது என்றும், அவசரத்தில் அந்தப் பெயர் கவனிக்கப்படாமல் போய்விடுகிறது என்றும் இரண்டாம் ஜான் பால் அதே திருமடலில் எழுதினார். ஆங்கிலத்தில் அந்தப் பெயர் முதல் பாதியின் கடைசிச் சொல்லாக வருவதால் தானாகவே ஒரு நிறுத்தம் கிடைக்கிறது. தமிழில் ‘கனியாகிய இயேசுவும் ஆசீர்வதிக்கப்பெற்றவரே’ என்று வாக்கியத்தின் நடுவில் வருவதால், வேகமாகச் சொல்கிறவர்கள் அதை விழுங்கிவிடுகிறார்கள். முன்சொல்பவர் ‘இயேசுவும்’ என்ற சொல்லில் சற்றே தணிந்து சொல்லட்டும். பதில் சொல்பவர்கள் அவர் முடிக்கும்வரை காத்திருக்கட்டும். ஒரு பத்துக்கு இதனால் அரை நிமிடம்தான் கூடும்.

யார் முன்சொல்வது

ஒவ்வோர் இரவும் வெவ்வேறு ஆள் முன்சொல்லட்டும். வீட்டின் மூத்தவரே நாள்தோறும் நடத்தினால் மற்றவர்கள் விருந்தாளிகளாகிவிடுகிறார்கள். எண்ணத் தெரிந்த வயதிலேயே பிள்ளையிடம் மாலையைக் கொடுத்துவிடலாம். எங்கள் சின்னவன் ஒருமுறை ஏழிலேயே நிறுத்தி ‘பிதாவுக்கும் சுதனுக்கும்’ என்று போய்விட்டான், இன்னொரு நாள் பதின்மூன்று வரை போனான். இரண்டு நாளும் யாரும் திருத்தவில்லை. பதின்ம வயதினர் முன்சொல்லக் கூச்சப்பட்டால், மறையுண்மைக்குரிய நற்செய்தியிலிருந்து இரண்டு வசனங்களை வாசிக்கச் சொல்லுங்கள்.

செபமாலைக்கு முன் ஆளுக்கொரு கருத்துச் சொல்லும் வழக்கம் நல்லது, ஒரே வாக்கியம் என்ற வரம்போடு. ஊரில் தாத்தாவின் முழங்கால் வலிக்காக, அடுத்த வாரத் தேர்வுக்காக, பக்கத்து வீட்டில் இறந்தவருக்காக என்று அவரவர் சொல்லட்டும். ‘ஆண்டவரே, இவன் அந்தக் கைப்பேசியைக் கீழே வைக்க வேண்டும்’ என்று மகனைக் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டு மன்றாடும் தாய்மார்களில் நானும் ஒருத்தியாக இருந்தேன். அது மன்றாட்டு ஆகாது, கண்டிப்பு. அதற்குப் பகலில் நேரம் இருக்கிறது.

ஐந்து பத்துகளை நோக்கி

இரண்டு வாரம் விடாமல் நடந்தபின், வெள்ளிக்கிழமை அல்லது ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் மட்டும் ஐந்து பத்துகளையும் முழுமையாகச் சொல்லிப் பாருங்கள். தொடக்கச் செபங்களோடு 20 நிமிடங்கள் ஆகும். மற்ற நாட்களில் ஒரு பத்தே தொடரட்டும். எங்கள் வீட்டில் பள்ளி நாட்களில் இன்றுவரை ஒரு பத்துதான். பள்ளி விடுமுறையிலும், மாதாவின் மாதமான மே மாதத்திலும், அக்டோபரிலும் ஐந்து. அக்டோபரைச் செபமாலைக்கென்று 1883இல் ஒதுக்கியவர் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ. செபமாலை அன்னையின் திருநாளும் அம்மாதம் 7ஆம் தேதிதான்.

முழுச் செபமாலைக்கு வந்தபின் கிழமை வழக்கத்தைக் கைக்கொள்ளலாம். திங்களும் சனியும் மகிழ்ச்சி, செவ்வாயும் வெள்ளியும் துயரம், புதனும் ஞாயிறும் மகிமை, வியாழன் ஒளி. பாட்டியின் பழைய செபப் புத்தகத்தில் வியாழன் மகிழ்ச்சி என்றும் சனி மகிமை என்றும் இருந்தால் அச்சுப்பிழை என்று எண்ண வேண்டாம். யோர்தானில் திருமுழுக்கு, கானா ஊர்த் திருமணம், இறையாட்சி அறிவிப்பு, தாபோர் மலையில் உருமாற்றம், நற்கருணையை ஏற்படுத்தியது ஆகிய ஒளியின் ஐந்தும் 2002இல் சேர்க்கப்பட்டபோதுதான் கிழமைகள் மாறின. குடும்பமாகச் சேர்ந்து ஐந்து பத்துகளையும் இடைவிடாமல், மறையுண்மைகளைத் தியானித்துச் சொல்பவர்களுக்கு, ஒப்புரவு அருட்சாதனம், நற்கருணை, திருத்தந்தையின் கருத்துக்காகச் செபித்தல், பாவப் பற்றின்மை ஆகிய வழக்கமான நிபந்தனைகளுடன் திருச்சபை நிறைபலன், அதாவது பாவத்துக்குரிய தற்காலிகத் தண்டனையிலிருந்து முழு விடுதலை, வழங்குகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

தியானம் என்றதும் பெரிதாக எண்ண வேண்டாம். மறையுண்மையை அறிவித்தபின் பத்து விநாடி அமைதி, முடிந்தால் அந்தக் காட்சியின் படம் ஒன்று, அல்லது ஒரு கேள்வி. மகன் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு எழுதிய ஆண்டு, ‘பன்னிரண்டு வயதில் காணாமல்போன இயேசுவைக் கோவிலில் கண்டடைந்தது’ என்று அறிவித்துவிட்டு, ‘மூன்று நாள் தேடிய மரியா கண்டதும் என்ன கேட்டார்?’ என்று வினவினேன். ‘ஏன் எங்களுக்கு இப்படிச் செய்தாய் என்று கேட்டார், நீங்கள் என்னைக் கேட்பதைப் போலவே’ என்றான் அவன். அதற்குமேல் நான் எதுவும் விளக்கவில்லை. தியானமில்லாத செபமாலை உயிரில்லாத உடல் என்று திருத்தந்தை ஆறாம் பவுல் 1974இல் எழுதியதைப் படித்தபோது, அந்த இரவுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

ஊரோடு சேர்ந்து சொல்ல

இங்கே இரவு 9 மணி என்றால் ஊரில் மாலை 6.30, விளக்கு ஏற்றும் நேரம். வாரத்தில் ஒருநாள் காணொளி அழைப்பில் தாத்தா பாட்டியோடு சொல்வது இரு பக்கத்துக்கும் ஆறுதல். ஆனால் குரல் ஒரு விநாடி தாமதமாகப் போய்ச் சேர்வதால், அவர்கள் முன்சொல்லி நாம் பதில் சொன்னால் ஒரே குழப்பமாகும். ஒரு பத்து முழுவதையும் ஊரிலிருப்பவர்களே சொல்லட்டும். அப்போது நம் பக்கத்து ஒலிவாங்கியை அணைத்துவிட்டு, நாம் வீட்டுக்குள் அவர்களோடு பதில் சொல்லலாம். அடுத்த பத்து நம்முடையது. முடிந்ததும் பாட்டி திரையைத் தொட்டுப் பேரப்பிள்ளையின் நெற்றியில் சிலுவை போடுவார். பிள்ளைகள் இங்கே நெற்றியைக் கைப்பேசியில் முட்டிக்கொண்டு நிற்பார்கள்.

ஞாயிறுகளில் மாதா பிரார்த்தனையைச் சேர்த்துக்கொள்ளும் வீடுகள், திருத்தந்தை பிரான்சிஸ் 2020 ஜூனில் அதில் மூன்று மன்றாட்டுகளைச் சேர்த்ததைக் கவனித்திருக்கலாம். இரக்கத்தின் தாயாகவும், எதிர்நோக்கின் தாயாகவும், புலம்பெயர்ந்தோரின் ஆறுதலாகவும் மரியாவை அவை அழைக்கின்றன. உங்கள் புத்தகம் பழையதாக இருந்தால் ஓரத்தில் கையால் எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாவது மன்றாட்டில் எங்கள் அத்தையின் குரல் எப்போதும் ஒரு படி உயரும்.

கணவனோ மனைவியோ கத்தோலிக்கர் அல்லாத வீடுகளில் யாரையும் வற்புறுத்தாதீர்கள்; அவர்கள் தொலைக்காட்சி பார்க்கும் நேரத்தைப் பறித்துக்கொண்டு கூடத்தில் அமராதீர்கள். அறைக்குள் பிள்ளைகளோடு நான்கு நிமிடம் போதும். இரவு பத்து மணிக்கு மேல் என்றால் குரலையும் தணித்துக்கொள்ளுங்கள். சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம் உறங்குகிறது.

எப்படியும் ஒருநாள் விட்டுப்போகும். காய்ச்சல், ஊர்ப் பயணம், தேர்வு வாரம் என்று பத்து நாள்கூட விட்டுப்போகும். விட்ட நாட்களைக் கணக்குப் பார்த்துச் சேர்த்துச் சொல்லித் தீர்க்க முயலாதீர்கள். யாருடைய தவறு என்றும் விசாரிக்காதீர்கள். கிண்ணத்திலிருந்து மாலையை எடுத்து, இன்று என்ன கிழமை என்று மட்டும் பாருங்கள். புதன் என்றால் மகிமை, முதல் மறையுண்மை, இயேசு உயிர்த்தெழுந்தது: ஒரு பத்து.